மறியலில் நின்ற வண்டி எப்படி நகர்ந்தது? எஃப்.ஐ.ஆர். அதை எழுதட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இடுக்கி மலையில் சாலை மறியல் புதிதல்ல. முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றிய 2011 டிசம்பரில் குமுளி வழியே வண்டிகள் போய்வர முடியாமல் கிடந்தன. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். காட்டானை மிதித்து ஒரு தொழிலாளி இறந்தால் இன்றைக்கும் ஊர் முதலில் போய் உட்காருவது சாலையில்தான். அப்படி உட்கார்ந்த கூட்டத்துக்குள் ஏலத்தோட்ட ஜீப்போ, டிப்பரோ, சுற்றுலா வேனோ நகர்ந்து ஒருவருக்குக் கால் முறிந்தால் என்ன வழக்கு வரும்? இதில் இரண்டு பக்கமும் தவறான நம்பிக்கையோடு இருக்கிறார்கள். "ரோட்டை மறிச்சவன் மேல வண்டி ஏறினா கேஸ் நிக்காது" என்பது டிரைவர்கள் பேச்சு. "மறியல்ல அடிபட்டா கொலை முயற்சி கேஸ்தான்" என்பது மறியல்காரர்கள் பேச்சு. சட்டம் இரண்டையும் சொல்லவில்லை.

முதலில் மறியல் பக்கத்தை முடித்துவிடலாம், அது சுருக்கமானது. ஒருவர் போக உரிமையுள்ள வழியில் அவரைத் தடுப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் (இனி பி.என்.எஸ்.) 126-ஆம் பிரிவில் குற்றம், ஒரு மாதம் வரை வெறுங்காவல் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பொதுவழியில் இடையூறு செய்தால் 285-ஆம் பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம். ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சட்டவிரோத நோக்கத்தோடு கூடினால் 189(2)-இல் ஆறு மாதம் வரை. கேரளத்தில் பொதுவழிக் கூட்டங்களையும் ஊர்வலங்களையும் கட்டுப்படுத்த 2011-ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் உண்டு. பந்த் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று கேரள உயர் நீதிமன்ற முழு அமர்வு 1997-இல் சொன்னது, அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 2019 ஜனவரியில் அதே உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. டில்லி ஷாஹீன் பாக் சாலை மறியல் வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பொதுச் சாலையைக் காலவரையின்றி அடைத்து வைக்க முடியாது என்றது. ஆக, மறியல் செய்தவர்கள் மேல் வழக்கு வரும். அவர்களை அப்புறப்படுத்தும் அதிகாரம் போலீஸுக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் இருக்கிறது. அந்த அதிகாரத்தில் ஒரு துளிகூட ஸ்டியரிங் பிடித்தவர் கைக்கு வருவதில்லை. ஒரு மாதத் தண்டனைக்குரிய குற்றத்துக்குப் பதிலாக ஒருவரின் முழங்காலை நசுக்கலாம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றுகிறது: அமெரிக்காவில் மறியல்காரர் மேல் வண்டி ஏற்றினால் குற்றமில்லையாம். 2021-இல் ஓக்லஹோமா, அயோவா, ஃபுளோரிடா ஆகிய மூன்று மாநிலங்களில் இதையொட்டிச் சட்டங்கள் வந்தது உண்மை. ஆனால் படித்துப் பார்த்தால் விஷயம் சின்னது. ஓக்லஹோமாவில் கலவரத்திலிருந்து தப்பி ஓடும்போது, உயிருக்கு ஆபத்து என்று நியாயமாக நம்பி, உத்தேசமின்றிக் காயப்படுத்தியவருக்குத்தான் பாதுகாப்பு. அயோவாவில் தகுந்த கவனத்தோடு ஓட்டியவருக்கு நஷ்டஈட்டு வழக்கிலிருந்து விலக்கு. பொறுப்பற்ற ஓட்டுதலுக்கோ வேண்டுமென்றே செய்ததற்கோ அது கிடையாது. ஃபுளோரிடாவில் நஷ்டஈட்டு வழக்கில் எடுத்து வைக்கக்கூடிய ஒரு தற்காப்பு வாதம் கிடைத்தது, அவ்வளவுதான். இந்தியாவில் இவை எதற்கும் இணையான பிரிவே இல்லை. இதை நம்பி கம்பம் மலையிறக்கத்தில் கிளட்ச்சை விடுகிறவர், ஜாமீன் மனு எழுதும் நாளில்தான் வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வார்.

இனி நம் சட்டம். டிரைவர் மேல் வரக்கூடிய பிரிவுகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. ஒன்று கவனக்குறைவு வரிசை. பொதுவழியில் தாறுமாறாக ஓட்டுவது பி.என்.எஸ். 281, ஆறு மாதம் வரை. அதனால் காயம் என்றால் 125(ஏ), ஆறு மாதம் வரை. கொடுங்காயம் என்றால் 125(பி), மூன்று ஆண்டு வரை. மரணம் என்றால் 106(1), ஐந்து ஆண்டு வரை. இவை எல்லாமே ஜாமீனில் விடத்தக்கவை. அடித்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்து ஆண்டு என்று 106(2)-இல் எழுதினார்கள். லாரி ஓட்டுநர்கள் 2024 ஜனவரியில் போராடியதை அடுத்து அந்த உட்பிரிவு மட்டும் நடைமுறைக்கு வராமல் நிறுத்தி வைக்கப்பட்டது. மற்றது அறிந்து செய்த வரிசை. ஆபத்தான கருவியால் கொடுங்காயம் 118(2). குறைந்தது ஓர் ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். கொலையாகாத மரணம் விளைவிக்க முயன்றது 110. காயம் ஏற்பட்டிருந்தால் ஏழு ஆண்டு வரை. கொலை முயற்சி 109. மரணமே நேர்ந்தால் கொலையாகாத மரணம் 105, இன்னும் மேலே போனால் கொலை 103.

இந்த இரண்டு வரிசைக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது? சாலையை மறித்தது சரியா தவறா என்பதில் இல்லை. வண்டி நகர்ந்த அந்த நொடியில் டிரைவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதில் இருக்கிறது. மும்பை பாந்த்ராவில் 2006-இல் நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கார் ஏறி ஏழு பேர் இறந்த வழக்கில், 2012-இல் உச்ச நீதிமன்றம் பிடித்துக்கொண்டதும் இந்த நூலைத்தான். இப்படி ஓட்டினால் உயிர் போகக்கூடும் என்று தெரிந்தே ஓட்டியவருக்குக் கவனக்குறைவு என்ற பிரிவு பொருந்தாது. மறியலில் இது இன்னும் கூர்மையாகிறது. வளைவில் திரும்பியதும் கூட்டம் தெரிந்து, பிரேக் அடித்தும் நிற்காமல் மோதினால் அது முதல் வரிசை. ஒருமுறை முழுவதுமாக நிறுத்திவிட்டு, முன்னால் ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டு, ஹாரன் அடித்துவிட்டு, பிறகு கியர் போட்டு நகர்த்தினால் "பார்க்கவில்லை" என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே இரண்டாம் வரிசை திறக்கிறது. வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டர்தான் என்பது காப்பாற்றாது. அதேபோல மறுபக்கம், வண்டி "அதிவேகமாக வந்தது" என்று சாட்சி சொல்வது மட்டும் டிரைவரைத் தண்டிக்கப் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே ஒரு கர்நாடக வழக்கில் சொல்லியிருக்கிறது. வேகத்தைத் தடயத்தால் காட்ட வேண்டும்.

லக்கிம்பூர் கேரியை இதற்கு எடுத்துக்காட்டாகப் பார்க்கலாம். 2021 அக்டோபர் 3-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தின் அந்த ஊரில் போராடிய விவசாயிகள் மேல் வண்டி ஏறியது; அதிலும் அதை அடுத்த வன்முறையிலும் நான்கு விவசாயிகள் உட்பட எட்டுப் பேர் இறந்தார்கள். வழக்கில் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 338, 304ஏ ஆகிய கவனக்குறைவுப் பிரிவுகள் இருந்தன. அந்த டிசம்பரில் சிறப்புப் புலனாய்வுக் குழு, இது கவனக்குறைவால் நடந்ததல்ல என்று சொல்லி, அவற்றை எடுத்துவிட்டு 307 (கொலை முயற்சி), 326 (ஆபத்தான கருவியால் கொடுங்காயம்), 34 (பலரின் பொது நோக்கம்) ஆகியவற்றைச் சேர்க்கும்படி மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்தது. இறுதித் தீர்ப்பு எப்படி வந்தாலும் ஒன்று தெளிவு: முதல் நாள் எழுதிய பிரிவு கடைசி வரை நிற்க வேண்டியதில்லை, தீர்ப்புக்கு முன்பு எந்தக் கட்டத்திலும் நீதிமன்றம் குற்றச்சாட்டை மாற்றலாம். ஆனால் மாற்றுவதற்குத் தடயம் மிச்சம் இருக்க வேண்டும். நம் மலைச் சாலைகளில் கோளாறே அதுதான்.

எல்லையோரக் காவல் நிலையங்களில் இப்படி ஒரு சம்பவம் வந்தால் கை தானாக 281, 125 என்று எழுதுகிறது. வண்டி, காயம், சாலை மூன்றும் இருந்தால் அது 'ஆக்சிடென்ட் கேஸ்'. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனையுள்ள குற்றம் என்றால்தான் தடயவியல் குழு சம்பவ இடத்துக்கு வந்து வீடியோவோடு தடயம் எடுக்க வேண்டும் என்கிறது புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 176(3). அதையும் மாநிலங்கள் படிப்படியாகக் கொண்டுவர ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுக் குற்றமாக எழுதிவிட்டால் அந்தக் கட்டாயமே எழவில்லை. கூட்டம் கலைந்ததும் வண்டியைத் தள்ளி ஓரம் கட்டுகிறார்கள், போக்குவரத்து திறக்கிறது, சாயங்காலம் ஒரு மழை. டயர் தடம், ரத்தக் கறை, உடைந்த இண்டிகேட்டர் துண்டு எல்லாம் ஓடையில் போய்விடும். மறுநாள் மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு) எழுதும்போது மிஞ்சுவது "கூட்டத்தில் வண்டி நகர்ந்தது" என்ற ஒரு வரி. நகர்ந்ததா, நகர்த்தினாரா? அந்த ஒரு சொல்லில் மூன்று ஆண்டுக் குற்றம் ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனையுள்ள குற்றமாகிவிடும்.

இதை டிரைவருக்கு எதிராக மட்டும் சொல்லவில்லை. மலை ஏற்றத்தில் பலமுறை நடப்பதைப் பாருங்கள். ஆள் ஏற்றிய ஜீப். ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்காது. டிரைவர் ஹாஃப் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறார். பத்து நிமிஷத்தில் கிளட்ச் சூடேறி வாசனை வருகிறது, இடது கால் நடுங்குகிறது. கூட்டத்தில் ஒருவர் பானட்டில் ஓங்கித் தட்டுகிறார். கால் வழுக்குகிறது, ஜீப் ஒரு துள்ளு துள்ளி ஒன்றிரண்டு மீட்டர் பாய்கிறது. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 1.4 மீட்டர். திகைப்பு தெளிந்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டால், பிரேக் பிடிக்கும் முன்பே இரண்டு மீட்டர் போயாகிவிட்டது. முன்னால் இரும்பு கார்டு மாட்டிய ஜீப் என்றால் அடி நேராகத் தொடையெலும்பில். (அந்த கார்டு வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு விரோதம் என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஏலத்தோட்டப் பாதையில் அதைக் கழற்றியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.) இங்கே டிரைவரிடம் கொலை முயற்சியும் இல்லை, அறிந்து செய்ததும் இல்லை. ஆனால் அதை நிரூபிக்க அவருக்கும் அதே தடயம்தான் வேண்டும்: கியர் எதில் இருந்தது, ஹேண்ட் பிரேக் எத்தனை பல் ஏறியது, கிளட்ச் தட்டு கருகியிருந்ததா, சாலைச் சரிவு எவ்வளவு, நின்ற இடத்திலிருந்து வண்டி எத்தனை மீட்டர் போனது.

ஆகவே மறியலில் மாட்டிய டிரைவர் முதலில் செய்ய வேண்டியது, ஐந்து மீட்டராவது தள்ளி நிறுத்துவது. இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, ஏற்றமானால் முதல் கியரிலும் இறக்கமானால் ரிவர்ஸிலும் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் 'டி'-யில் வைத்து பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்கவே கூடாது, கால் சற்றுத் தளர்ந்தாலே அது ஊரும், 'பி'-யில் போடுங்கள். லாரி, டிப்பர் ஓட்டுநருக்கு இன்னொரு சிக்கல். தரையில் உட்கார்ந்தவரின் தலை சுமார் 85 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். பம்பரிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் அவர் இருந்தால் கேபினிலிருந்து தெரியவே மாட்டார், வண்டி உயரமாக இருந்தால் அந்த மறைவு இன்னும் கூடும். "ரோடு கிளியர்" என்று யாரோ கைகாட்டியதை நம்பி நகர்த்தி, கிளம்பாமல் உட்கார்ந்திருந்த ஒருவர் மேல் ஏறுவது இப்படித்தான். கிளீனரை இறக்கி முன்னால் நடக்கவிட்ட பிறகே வண்டி நகர வேண்டும். ஊர்வலத்தைக் கடக்கும்போது 25 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று 1989-ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளில் இருந்தது. உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு அந்த வேகமும் பத்து மடங்கு அதிகம்.

கல் விழுந்தால்? கதவை இழுத்தால்? இங்கேதான் தற்காப்பு உரிமை வருகிறது. பி.என்.எஸ். 34 முதல் 44 வரை அதற்கு. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, போலீஸை நாட நேரம் இருந்தால் உரிமையே கிடையாது என்கிறது 37. உயிர் போகும் அளவுக்குப் போகலாம் என்பதற்கு 38-இல் எண்ணி எழுதிய சூழ்நிலைகள் இருக்கின்றன: உயிர்ப் பயம், கொடுங்காயப் பயம், கடத்தல் முதலானவை. வழியை மறித்தது அதில் இல்லை. சட்டவிரோதமாக அடைத்து வைக்கும் நோக்கத்தோடு தாக்கி, அதிகாரிகளை நாடவே முடியாது என்று நியாயமாக அஞ்சும் நிலை வந்தால் மட்டும் உண்டு. முன்னால் மறித்து, பின்னால் திரும்பிப் போக வழி விட்டிருக்கும் மறியல் அந்த வகையில் சேராது. கண்ணாடி உடைந்தது சொத்துச் சேதம். அதற்கு உயிர் எடுக்கும் உரிமை 41-இல் கொள்ளை, தீவைப்பு போன்ற சிலவற்றுக்குத்தான். உண்மையிலேயே டிரைவரை வெளியே இழுத்துப் போட்டு அடிக்கிறார்கள், பெட்ரோல் ஊற்றுகிறார்கள் என்றால் 44-ஆம் பிரிவு கைகொடுக்கும்: கொலைவெறித் தாக்குதலிலிருந்து தப்பும்போது இடையில் நிற்கும் நிரபராதிக்கு ஆபத்து நேர்ந்தாலும் அது குற்றமாகாது. நீதிமன்றம் கேட்கும் முதல் கேள்வி, ரிவர்ஸில் போக இடம் இருந்ததா என்பதாக இருக்கும். எனவே பின்னால் ஒட்டி நிற்கும் பஸ்ஸின் நம்பரையாவது குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடைந்த கண்ணாடிக்காக யாரும் வண்டியைக் கூட்டத்துக்குள் விடத் தேவையில்லை. பேக்கேஜ் பாலிசி என்று சொல்லும் முழுக் காப்பீட்டில் கலவரம், வேலைநிறுத்தம், வேண்டுமென்றே செய்த சேதம் எல்லாம் அடங்கும். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தவருக்கு அது இல்லை.

யாருக்காவது காயம்பட்டுவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 134-ஐ டிரைவர் மறக்கக் கூடாது. காயம்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நிலையத்தில் தகவல் தர வேண்டும், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் பாலிசி எண்ணோடும் இடம், நேரம், காயம்பட்டவர் விவரத்தோடும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் 187-இல் ஆறு மாதம் வரை அல்லது 5,000 ரூபாய் வரை. கூட்டத்தின் கோபத்தால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் போனால் விலக்கு உண்டு என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அந்த விலக்கு அங்கிருந்து கிளம்புவதற்கு மட்டும், நிலையத்துக்குப் போகாமல் இருப்பதற்கு அல்ல. குமுளியில் அடித்துவிட்டு நேராகக் கம்பத்தில் போய் வண்டியை ஷெட்டில் விட்டால் தலைமறைவு என்றுதான் எழுதுவார்கள். வழியில் முதலில் வரும் நிலையம் லோயர் கேம்ப் ஆனாலும் கூடலூர் ஆனாலும் அங்கே இறங்கிச் சொல்லுங்கள். டாஷ் கேமரா இருந்தால் கார்டை உடனே கழற்றுங்கள். ஓடிக்கொண்டே இருந்தால் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். காப்பி எடுத்துக்கொண்டு அசலை அழிப்பவர்கள் உண்டு. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவில் மின்னணுப் பதிவுக்குத் தர வேண்டிய சான்றிதழுக்கு இரண்டு பகுதி, ஒன்று கருவி வைத்திருப்பவருடையது, மற்றது நிபுணருடையது; ஹாஷ் மதிப்பு (பதிவு மாறவில்லை என்று காட்டும் அடையாள எண்) எழுத வேண்டும். அசல் கார்டு இருந்தால் இந்த வேலை சுலபம்.

அடிபட்டவர் பக்கத்தில் தவறுவது மருத்துவமனையில் தொடங்குகிறது. இங்கே காயம்பட்டவர்களில் பலர் தேனி பக்கத்து ஆட்கள், நேராக க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்குப் போய்விடுவார்கள். அங்கே ஏ.ஆர். காப்பியில் (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்) "சாலை விபத்து" என்று மட்டும் எழுதப்படுகிறது. நின்றிருந்த ஜீப் நகர்ந்து மோதியது என்று சொன்னால் டாக்டர் அதையும் குறிப்பார். சொல்ல வேண்டியது நோயாளியும் உடன் வந்தவரும்தான். சம்பவம் கேரளத்தில் என்று சொல்லி தமிழகப் போலீஸ் திருப்பி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பி.என்.எஸ்.எஸ். 173-இன்படி எல்லை பார்க்காமல் புகாரை வாங்கிப் பதிந்து, உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும், ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். மின்னஞ்சலில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்.

முதல் நாள் காயச் சான்றில் "சாதாரணம்" என்று இருக்கும், மூன்றாம் நாள் எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரியும். முறிவு என்றாலே கொடுங்காயம். முறிவு இல்லாவிட்டாலும் 15 நாள் அன்றாட வேலையைப் பார்க்க முடியாத வலி கொடுங்காயமே. பழைய சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியையும் எக்ஸ்ரே அறிக்கையையும் விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து, பிரிவை மாற்றக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் 125(ஏ)-யிலேயே குற்றப்பத்திரிகை போய்விடும்.

நஷ்டஈட்டில் மறியல்காரருக்குச் சாதகமும் உண்டு, அடியும் உண்டு. யார் தவறு என்று பார்க்காமல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில் மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். அதற்கு மேல் வேண்டுமானால் 166-இல் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், ஆறு மாதத்துக்குள். அங்கே காப்பீட்டு நிறுவனம் முதலில் வைக்கும் வாதம், நடுரோட்டில் உட்கார்ந்தது அவருடைய சொந்தக் கவனக்குறைவு என்பது. கிரிமினல் வழக்கில் அந்த வாதம் டிரைவரை விடுவிக்காது, நஷ்டஈட்டிலோ தொகையைக் குறைக்கும். ஒரு கணக்குப் பாருங்கள். 38 வயது, மாதம் 12,000 கூலி, நான்கு பேர் நம்பியிருந்த ஒருவர் இறந்தால்: எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 16,800, சொந்தச் செலவுக்குக் கால்பங்கு போக 12,600, ஆண்டுக்கு 1,51,200, அந்த வயதுக்கான பெருக்கி 15 என்பதால் 22,68,000. சொந்தக் கவனக்குறைவு 25 சதவீதம் என்று தீர்ப்பாயம் சொன்னால் 17,01,000 ஆகிவிடும். வளைவுக்கு அப்பால் உட்கார்ந்தார்களா, இருட்டிலா, எச்சரிக்கைக்கு ஆள் நின்றாரா என்பதைப் பொறுத்து அந்தச் சதவீதம் ஏறும், இறங்கும்.

வேண்டுமென்றே ஏற்றியது என்று கிரிமினல் வழக்கில் நிரூபித்தால் "அது விபத்தே இல்லை, நாங்கள் ஏன் தர வேண்டும்" என்று காப்பீட்டு நிறுவனம் கேட்குமே என்று பலர் பயப்படுகிறார்கள். 2000-இல் ரீட்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் உரைகல் கொடுத்தது: அந்த ஆளைக் கொல்வதே முதன்மை நோக்கமா, வேறு நோக்கத்தின் நடுவே மரணம் நேர்ந்ததா? அந்த வழக்கில் ஆட்டோவைத் திருடப் போய் டிரைவரைக் கொன்றார்கள். அது வாகனப் பயன்பாட்டால் வந்த விபத்து மரணம் என்றே தீர்ப்பானது. மறியலைத் தாண்டிப் போவதே டிரைவரின் நோக்கம் என்றால் அவர் 110-இல் குற்றவாளி ஆகலாம், நஷ்டஈட்டில் அது விபத்தாகவும் இருக்கலாம் என்பது என் வாதம். மனுவை எழுதும்போதே இதை மனதில் வைத்து எழுத வேண்டும். "கொல்ல வந்தான்" என்று கோபத்தில் எழுதிய ஒரு வரி நஷ்டஈட்டு மனுவில் எதிராளிக்குப் பரிசு. மனுவைத் தொடுபுழையில்தான் போட வேண்டும் என்றும் இல்லை. மனுதாரர் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலும், அதாவது தேனி மாவட்டத்திலேயே போடலாம்.

மறியல் நடத்துகிறவர்களுக்கு: கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் உட்காராதீர்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் காய்ந்த சாலையில் நிற்க 25 மீட்டர், ஈரத்தில் 32 மீட்டர் வேண்டும். சரக்கேற்றிய லாரிக்கு இன்னும் கூட. பல வளைவுகளில் பார்வைத் தூரமே அவ்வளவு இல்லை. இரண்டு பக்கமும் நூறு மீட்டர் தள்ளி, மின்னும் ஜாக்கெட்டோடு ஆள் நிற்க வேண்டும், மூடுபனி நேரத்தில் டார்ச்சும். நின்றுவிட்ட வண்டியின் பம்பரை ஒட்டி உட்காருவது, பானட்டில் ஏறுவது, குழந்தைகளை முன்வரிசையில் வைப்பது மூன்றும் வேண்டாம். ஆம்புலன்ஸுக்கு மூன்று மீட்டர் வழி விடுங்கள். நோயாளி ஜீப்பிலும் வருவார்.

கடைசியாகக் காவல் துறைக்கும் மோட்டார் வாகனத் துறைக்கும். வண்டியை அசைக்கும் முன்பு நான்கு டயரின் இடத்தையும் சாக்பீஸால் குறித்து, கியர், ஹேண்ட் பிரேக் நிலையைப் படம் எடுத்து, வண்டி முதலில் நின்ற இடத்துக்கும் மோதிய இடத்துக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து ரஃப் ஸ்கெட்ச்சில் எழுதுங்கள். பத்து நிமிஷ வேலை. முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022 ஏப்ரலில் வந்த விதிகள் சொல்கின்றன, அந்த அறிக்கையோடு இந்த ஸ்கெட்ச்சும் போகட்டும். மோட்டார் வாகன ஆய்வாளரின் (எம்.வி.ஐ.) பரிசோதனை, வண்டியை உரிமையாளரிடம் விடுவதற்கு முன் அன்றைக்கே நடக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து, பிரேக் ஷூ மாற்றி, கிளட்ச் தட்டுப் புதிதாகப் போட்ட ஜீப்பைப் பார்த்து "இயந்திரக் கோளாறு இல்லை" என்று எழுதும் அறிக்கை அடிபட்டவருக்கும் உதவாது, டிரைவருக்கும் உதவாது.

இப்படிக்கு,
மோட்டார் வாகன வழக்குகளைக் கவனிக்கும் வழக்குரைஞர்,
குமுளி, இடுக்கி மாவட்டம்.